பழைய காருக்குப் பழுதுச் செலவுக் காப்பு தேவையா? படிப்படியாக முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என்னுடைய கார் அதன் 14ஆவது ஆண்டில், ஓர் இரவு நெடுஞ்சாலையில் சூடாகி நின்றது. வெப்பமானியின் முள் நடுவிலிருந்து ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்குள் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். பானெட்டைத் திறந்ததும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தித்திப்பான வாடை முகத்தில் அடித்தது. பழுதுச் செலவுக் காப்பு கையில் இருந்தது. மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் பணம் கட்டியிருந்தேன். அதனால் மறுநாள் பட்டறைக்குக் காப்பு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தபோது எனக்குக் கவலையே இல்லை. அவர் வாட்டர் பம்ப்பின் அடியில் கைவிளக்கைப் பிடித்து, உப்புப் பூத்ததுபோல் அங்கே காய்ந்து படிந்திருந்த இளஞ்சிவப்புக் கறையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அந்தக் கறை ஒரே நாளில் உண்டாவதில்லை. பம்ப்பின் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேயத் தொடங்கியதும், அதற்கென்றே விடப்பட்டிருக்கும் சிறு துளை வழியாகக் கூலன்ட் சொட்டுச் சொட்டாக வெளியேறிக் காய்ந்து, நாளடைவில் அப்படிப் படிகிறது. திடீரென ஏற்பட்ட பழுது அன்று, படிப்படியான தேய்மானம் என்று கூறி என் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். அவர்கள் சொன்னது ஒப்பந்தத்தின்படி சரியாகவே இருந்தது.

அந்தக் கறைதான் இந்த வழிகாட்டிக்குக் காரணம். பழுதுச் செலவுக் காப்பு என்பது, நேற்றுவரை நன்றாக ஓடிய ஒரு பாகம் இன்று எதிர்பாராமல் செயலிழந்தால் அதைச் சரிசெய்யும் செலவை ஏற்பதற்கான ஏற்பாடு. கார் முதுமை அடைய அடைய அதற்கு வரும் பழுதுகளில் பெரும்பாலானவை, மெல்ல மெல்லத் தேய்ந்து, முன்கூட்டியே அறிகுறி காட்டி வருபவையாக மாறிவிடுகின்றன. ஆக, கார் பழையதாகும்போது காப்புக்கான கட்டணம் ஏறுகிறது. அந்தக் காப்பு உண்மையில் ஏற்கக்கூடிய பழுதுகளின் பங்கோ குறைகிறது. இந்த இரண்டும் எதிரெதிராக நகர்வதைப் புரிந்துகொண்டால், உங்கள் காருக்கு அது தேவையா என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம். பாலிசி விற்பவரையோ, பட்டறைக்காரரையோ, அண்டை வீட்டாரையோ கேட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

முதல் படி: நான்கு ஏற்பாடுகளைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள்

பலர் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏற்பாடுகளை ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வாகனக் காப்பீடு விபத்து, திருட்டு, தீ போன்றவற்றுக்கும், பிறருக்கு நம்மால் நேரும் இழப்புக்கும் உரியது. கியர்பாக்ஸ் தானாகப் பழுதடைந்தால் அது ஒன்றும் தராது. வழியுதவி என்பது, வண்டி நின்ற இடத்துக்கு ஆள் வந்து பேட்டரிக்கு உயிரூட்டுவது, பஞ்சரான சக்கரத்தை மாற்றுவது, முடியாவிட்டால் பட்டறைவரை இழுத்துச் செல்வது ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது; பட்டறையில் ஆகும் செலவு நம்முடையது. தயாரிப்பாளரின் நீட்டித்த உத்தரவாதம் பெரும்பாலும் புதிய காருக்கே கிடைக்கும். குறிப்பிட்ட ஆண்டோ கிலோமீட்டரோ கடந்ததும் முடிந்துவிடும். பழுதுச் செலவுக் காப்பு மட்டுமே பட்டறைச் செலவில், அதாவது உதிரி பாகத்திலும் கூலியிலும், ஒரு பகுதியை ஏற்கிறது. சில நிறுவனங்கள் இதை வழியுதவியோடு சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கின்றன. அப்படி விற்றால் இரண்டுக்குமான கட்டணத்தைத் தனித்தனியே எழுதித் தரும்படி கேளுங்கள். வழியுதவியின் பயனைக் காட்டிச் செலவுக் காப்பையும் சேர்த்து விற்பது எளிது என்பதால், இந்தப் பிரிப்பு இல்லாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

வழியுதவியைப் பற்றி என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பழைய கார் வைத்திருப்பவர் அனைவருக்கும் அது வேண்டும். ஜெர்மனியின் ஏடிஏசி வாகன ஓட்டிகள் சங்கம் 1903இல் தொடங்கப்பட்டது. தன் மீட்புப் பணியாளர்கள் நேரில் கண்ட பழுதுகளை அது ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அந்தப் பழுதுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பேட்டரியால் நேர்ந்தவை. அதாவது, வண்டி நடுவழியில் நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், செலவுக் காப்பு பெரும்பாலும் ஏற்க மறுக்கும் பாகமும், வழியுதவி ஆள் சில நிமிடங்களில் சமாளித்துவிடும் பாகமுமான அந்தப் பேட்டரிதான்.

இரண்டாம் படி: காரின் உடல்நிலையைக் கணக்கெடுங்கள்

காப்பு விற்பவர் உங்கள் காரைப் பார்ப்பதில்லை. தயாரிப்பு, மாதிரி, வயது, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கட்டணம் சொல்கிறார். உங்கள் கார் அதே வயதுடைய மற்றக் கார்களைவிட நன்றாக இருக்கிறதா, மோசமாக இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிந்தால் அவரைவிட நீங்கள் ஒருபடி முன்னே நிற்கிறீர்கள். ஆகவே, எந்தப் பாலிசியையும் விலை விசாரிப்பதற்கு முன், வண்டிக்கு வேலை செய்வதால் ஆதாயம் பெறாத ஒரு மெக்கானிக்கிடம் சோதனைக்கான கட்டணத்தை மட்டும் கொடுத்து முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் மூன்று பத்திகளாக எழுதிக்கொள்ளுங்கள்: தேய்ந்துவரும் பாகங்கள், தேயாமல் திடீரென நின்றுவிடக்கூடிய பாகங்கள், காலக்கெடுப்படி மாற்ற வேண்டியிருந்தும் மாற்றாமல் விட்டவை.

மின் அமைப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 வோல்ட் என்றால் பாதிதான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வோல்ட்டுக்குள் இருந்தால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது எனலாம். பேட்டரியின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் என்பதால் அது முதல் பத்திக்குப் போகும். ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இரண்டாம் பத்தியில் வரும். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்தாலும் வெளியே தெரிவதில்லை; எனவே அவை நின்றுபோகும்போது, பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் திடீர்ப் பழுதாகவே ஏற்கின்றன. காப்பு எடுத்தவர்கள் உண்மையில் பயன்பெறும் பாகங்கள் இத்தகையவைதாம்.

டைமிங் பெல்ட் மூன்றாம் பத்திக்கு உரியது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரப்பர் பெல்ட் கிலோமீட்டரால் மட்டுமல்லாமல் வயதாலும் கெடுகிறது. ஆகவே கையேட்டில் இரண்டு கெடு கொடுத்திருப்பார்கள்; எது முன்னே வருகிறதோ அதுவே கணக்கு. குறைவாக ஓடிய பழைய கார்களில் கிலோமீட்டர் கெடு வராததால் ஆண்டுக் கெடு கடந்ததை யாரும் கவனிப்பதில்லை. பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை வெவ்வேறு கணத்தில் பயன்படுத்துகின்றன. அவை மோதாமல் காப்பது இந்தப் பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் வளைந்து, சிலவேளை இன்ஜினே வீணாகிவிடும். காரின் மதிப்பைவிட அந்தச் செலவு பெரிதாகக்கூட இருக்கலாம். கெடு தவறியதற்கான ஆதாரம் கிடைத்தால் காப்பு நிறுவனமும் ஏற்காது. எனவே காப்புக்குக் கட்ட நினைத்திருக்கும் பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள். பெல்ட்டை மாற்றும்போது அதன் டென்ஷனரையும், அந்தப் பெல்ட்டால் வாட்டர் பம்ப் சுழல்கிறதென்றால் அதையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும்; பம்ப்பின் விலையைவிட அதுவரை பிரித்துச் செல்லும் கூலியே அதிகம். (செயினால் இயங்கும் இன்ஜின்களில் இந்தக் கெடு இல்லை, ஆனால் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் சில நொடிகளுக்குச் சங்கிலி குலுங்கும் ஒலி கேட்டால் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.)

குளிரூட்டும் அமைப்பை நீங்களே பார்க்கலாம். ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. வாட்டர் பம்ப்பின் அடியிலும், ரேடியேட்டர் ஓரங்களிலும், ரப்பர் குழாய்கள் இணையும் இடங்களிலும் காய்ந்த கறை இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். என் மதிப்பீட்டாளர் பார்த்ததும் அதையேதான். கசிவு சிறிதாக இருக்கும்போதே சரிசெய்தால் ஒரு குழாயோடு முடிந்துவிடும். விட்டுவிட்டால் இன்ஜின் சூடேறி அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கட் போய்விடும். அதிகச் சூட்டால் நேரும் சேதத்தை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கும் ஒப்பந்தங்கள் நிறைய உண்டு.

கிளட்ச் தட்டு, பிரேக் பேட், டயர், சஸ்பென்ஷன் புஷ், வைப்பர் ஆகியவை ஐயத்துக்கு இடமில்லாமல் முதல் பத்தி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, டீசல் இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப், ஏபிஎஸ் பிரிவு, இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவை இரண்டாம் பத்தி. காப்பு எடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டாம் பத்தியில்தான் இருக்கிறது. எளிய பெட்ரோல் இன்ஜினும் கையால் மாற்றும் கியரும் உள்ள காரில் அந்தப் பத்தி மிகச் சிறியது. டர்போ டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் ஏர் சஸ்பென்ஷனும் உள்ள ஆடம்பரக் காரில் அது நீளமானது; ஒவ்வொரு வரியும் விலை உயர்ந்தது.

கடைசியாக, காரின் கணினியிலுள்ள பிழைக் குறியீடுகளையும் வாசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான 16 பின் சோதனைச் செருகி, இன்று ஓடும் பழைய கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்கின் கீழே இருக்கும். மலிவான ரீடர் ஒன்றைச் செருகினால் பி0420 போன்ற குறியீடுகள் தெரியும். அந்தக் குறிப்பிட்ட எண், புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதாகக் கணினி கருதுகிறது என்று பொருள். குறியீடு இருந்தால் அதை அழித்துவிட்டுக் காப்பு எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அழித்ததும் கணினியின் சுயசோதனைகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும்; பலமுறை ஓட்டிய பிறகே அவை மீண்டும் நிறைவுறும். அண்மையில் அழிக்கப்பட்டதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தெரிந்தே மறைத்த குறை, கோரிக்கையை மட்டுமல்லாமல் ஒப்பந்தம் முழுவதையும் செல்லாததாக்கிவிடக்கூடும்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தை வாசியுங்கள்

விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு முழு ஒப்பந்தத்தையும் வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன் அதைத் தர மறுக்கும் நிறுவனத்திடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. எவற்றுக்குப் பணம் தருவோம் என்ற பட்டியலைப் படித்து மனம் குளிர்வதற்கு முன், எவற்றுக்குத் தரமாட்டோம் என்ற பகுதிக்கும் சொற்பொருள் விளக்கப் பகுதிக்கும் போங்கள். பழுது என்ற சொல்லுக்கு அங்கே கொடுத்திருக்கும் பொருள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "திடீரென்றும் எதிர்பாராமலும் ஒரு பாகம் செயலிழப்பது" என்று இருந்தால், உங்கள் குறிப்பேட்டின் முதல் பத்தி முழுவதையும் அப்போதே அடித்துவிடலாம். தேய்மானத்தால் வரும் செயலிழப்பையும் ஏற்கிறோம் என்று தெளிவாக எழுதியிருக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. பழைய கார் வைத்திருப்பவர் தேட வேண்டியது அந்த வாசகத்தைத்தான். இருந்தால், அதற்கு வயது வரம்போ கிலோமீட்டர் வரம்போ இருக்கிறதா என்று அடுத்த வரியையும் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கிலோமீட்டர் தாண்டியதும் தேய்மானத்துக்கான பொறுப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை அடிக்கடி உடன்வரும்.

அடுத்தது தொகை வரம்பு. ஒரு கோரிக்கைக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு இத்தனை கோரிக்கை, மொத்தத்தில் காரின் சந்தை மதிப்பு வரை என்று மூன்று வேலிகள் பொதுவாக இருக்கும். மூன்றாவது வேலிதான் பழைய கார்களைப் பாதிக்கிறது. ஏனெனில் காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குகிறது. கியர்பாக்ஸின் விலை இறங்குவதில்லை. இதனோடு, ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் நாமே போட வேண்டிய தொகை, ஒரு மணி நேரக் கூலிக்கு நிறுவனம் ஏற்கும் உச்ச அளவு, பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதியது போடுவதால் காரின் மதிப்பு கூடுகிறது என்று சொல்லிப் பிடித்துக்கொள்ளும் பங்கு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன பிடித்தம் சில ஒப்பந்தங்களில் ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். பழைய காருக்கு அது பாதிக்கு மேலாகக்கூட ஆகிவிடலாம்.

எல்லோரும் தாண்டிச் செல்லும் ஒரு நிபந்தனை, பிரித்துப் பார்க்கும் கூலி பற்றியது. கியர்பாக்ஸுக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று தெரிய அதைக் கழற்றித் திறக்க வேண்டும். கழற்றச் சொல்வது நிறுவனம். கோரிக்கை ஏற்கப்பட்டால் மட்டுமே அந்தக் கூலியை அது தரும். திறந்து பார்த்தபின் தேய்மானம் என்று முடிவானால் கழற்றிய கூலியும் மீண்டும் பூட்டும் கூலியும் உங்கள் தலையில் விழும். பழுதுக்கும் பணம் கிடைக்காமல், பழுதைக் கண்டறிந்ததற்கும் பணம் கொடுக்கும் நிலை இது. விலை மலிவான ஒப்பந்தங்களில் இதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

தொடர் சேதத்தையும் பாருங்கள். காப்புக்குள் வராத பாகம் ஒன்று கெட்டு, அதனால் காப்புக்குள் வரும் பாகமும் கெட்டால் தருவார்களா? என் வாட்டர் பம்ப்பை வைத்தே சொன்னால், அன்று முள் சிவப்பைத் தொட்டபிறகும் நான் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட்டும் போயிருக்கும். ஹெட் அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் இருந்த பாகம்தான். ஆனால் கேட்டுக்குக் காரணம் பட்டியலில் இல்லாத தேய்மானம் என்பதால் அதற்கும் பணம் வந்திருக்காது.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். ஒப்பந்தம் தொடங்கி 14 நாளோ 30 நாளோ கோரிக்கை வைக்க முடியாத காத்திருப்புக் காலம் இருக்கலாம். குறித்த இடைவெளியில் சர்வீஸ் செய்ததற்கான ரசீதுகளை அவர்கள் கேட்பார்கள். வீட்டிலேயே ஆயில் மாற்றுபவர் என்றால் ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீது போதுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகைக்கு ஓட்டுவது, பொருள் விநியோகத்துக்குப் பயன்படுத்துவது, இன்ஜினில் மாற்றம் செய்வது ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். நிறுவனம் அங்கீகரித்த பட்டறையில் மட்டுமே வேலை செய்யலாம் என்றால், அத்தகைய பட்டறை உங்களுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். காரின் வயது எந்த ஆண்டைத் தாண்டினால் புதுப்பிக்க மாட்டார்கள் என்பதையும் கேளுங்கள். பத்தாவது ஆண்டிலிருந்து கட்டிவந்து, தேவை வரும் ஆண்டில் வெளியேற்றப்படுவதில் பொருளில்லை.

நான்காம் படி: பங்குகளில் கணக்குப் போடுங்கள்

உங்கள் காரின் இன்றைய விற்பனை மதிப்பை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாத் தொகைகளையும் அந்தப் பங்குகளாக மாற்றுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, காப்புக்கு ஆண்டுக் கட்டணம் 6 பங்கு, ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் போடுவது 1 பங்கு, ஒரு கோரிக்கைக்கு நிறுவனம் தரும் உச்ச அளவு 10 பங்கு என்று கொள்வோம். இன்னும் நான்கு ஆண்டுகள் இந்தக் காரை வைத்திருக்கப் போகிறீர்கள். அதற்குள் இரண்டு திடீர்ப் பழுதுகள் வருகின்றன: ஆல்டர்னேட்டருக்கு 5 பங்கு, கியர்பாக்ஸுக்கு 25 பங்கு.

காப்பு எடுத்தவர் நான்கு ஆண்டுகளில் 24 பங்கு கட்டுகிறார். ஆல்டர்னேட்டருக்கு அவருக்கு 4 பங்கு கிடைக்கிறது. கியர்பாக்ஸுக்கு வரம்பின்படி 10 பங்கு கிடைத்து, மீதி 15 பங்கு அவர் பொறுப்பாகிறது. ஆக அவருடைய மொத்தச் செலவு 40 பங்கு. எதுவும் எடுக்காமல் அதே 6 பங்கை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட்டுவந்தவருக்கு மொத்தச் செலவு 30 பங்கு. கவனியுங்கள்: கியர்பாக்ஸ் போன்ற பெரும்பழுது உண்மையிலேயே வந்து, இரண்டு கோரிக்கைகளும் மறுப்பின்றி ஏற்கப்பட்டும், காப்பு எடுத்தவருக்கே 10 பங்கு அதிகம் செலவாகியிருக்கிறது. காரணம், 10 பங்கு என்ற உச்ச வரம்பு. அந்த வரம்பு 30 பங்காக இருந்திருந்தால் கியர்பாக்ஸுக்கு 24 பங்கு கிடைத்து, இரண்டும் சேர்ந்து 28 பங்கு வந்திருக்கும். 24 கட்டி 28 பெற்றதில் 4 பங்கு ஆதாயம். ஆனால் வரம்பு உயர்ந்தால் கட்டணமும் உயரும். ஆண்டுக்கு 8 பங்கு கேட்டால் நான்கு ஆண்டுக்கு 32. ஆதாயம் மீண்டும் மறைந்துவிடுகிறது.

இது தற்செயல் அன்று. வாங்கும் கட்டணத்திலிருந்து விற்பவரின் கமிஷனும் அலுவலகச் செலவும் லாபமும் போக மிஞ்சுவதைத்தான் நிறுவனம் பழுதுகளுக்குத் தர முடியும். ஆகவே சராசரி வாடிக்கையாளர் தான் கட்டியதைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுவார். காப்பு எடுப்பது தவறு என்று இதற்குப் பொருளில்லை. தாங்க முடியாத இழப்புக்கு அந்தக் கூடுதல் தொகையைக் கொடுப்பது நியாயம். தாங்கக்கூடிய செலவுக்குக் கொடுப்பது வீண்.

சேமிப்பவருக்கும் ஒரு பலவீனம் உண்டு. முதல் ஆண்டிலேயே கியர்பாக்ஸ் போய்விட்டால் அவரிடம் 6 பங்குதான் இருக்கும். 19 பங்கைத் தேட வேண்டும். காப்பு எடுத்தவர் அதே நிலையில் 15 பங்கைத் தேட வேண்டும். வேறுபாடு 4 பங்கு மட்டுமே. உச்ச வரம்பு தாழ்வாக இருக்கும் காப்பு, நெருக்கடி வேளையில்கூடப் பெரிதாகக் கைகொடுப்பதில்லை என்பதை இது காட்டுகிறது. உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கும்போது, இரண்டாம் பத்தியில் மிக விலை உயர்ந்த பாகம் எதுவோ அதன் முழுச் செலவையும் உச்ச வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வரம்பு அந்தச் செலவில் பாதியைக்கூடத் தொடவில்லையென்றால் அந்த ஒப்பந்தத்தை விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

காரின் மதிப்பு மிகவும் இறங்கிவிட்டதா, பெரும்பழுது வந்தால் சரிசெய்யாமல் அப்படியே விற்றுவிடுவீர்களா? அப்படியென்றால் காப்பு வேண்டாம். செய்யப்போகாத வேலைக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை. எளிய இன்ஜின், ஒழுங்கான சர்வீஸ், கையில் ஓரளவு சேமிப்பு என்றால் வழியுதவியும் தனிச் சேமிப்பும் போதும். என் அனுபவத்துக்குப் பிறகு நான் செய்திருப்பதும் இதுவே. மாதந்தோறும் ஒரு தொகை தனிக் கணக்குக்குப் போகிறது. அதிலிருந்து முதல் வேலையாக டைமிங் பெல்ட், பம்ப், கூலன்ட் குழாய்கள் அனைத்தையும் மாற்றினேன். சேமிப்பைத் தொடாமல் இருக்க முடியாது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர், மாதம் பிறந்ததும் தானாகவே பணம் மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

வேலைக்குப் போக அந்தக் கார் ஒன்றே வழி, ஒரு மாதச் சம்பளத்தை மீறிய செலவு வந்தால் கடன் வாங்க வேண்டியிருக்கும், இரண்டாம் பத்தி நீளமாக இருக்கிறது, தேய்மானத்தை ஏற்கும் உயர்வரம்பு ஒப்பந்தமும் கிடைக்கிறது என்றால், சராசரிக் கணக்கில் சிறிது இழப்பு தெரிந்தாலும் எடுங்கள். கடனுக்கான வட்டியும் வேலை இழப்பும் அந்தக் கணக்கில் சேராத செலவுகள். அண்மையில் பழைய கார் வாங்கி, அதன் வரலாறு தெரியாதவர்களும் முதல் ஓராண்டுக்கு எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காத்திருப்புக் காலமும், வாங்கும்போதே இருந்த குறைகளுக்கான விலக்கும் அவர்களைத்தான் முதலில் தாக்கும் என்பதால், வாங்கிய நாளிலேயே எடுத்த சோதனை அறிக்கை அவர்களிடம் இருந்தாக வேண்டும்.

ஆறாம் படி: எடுத்துவிட்டால் கோரிக்கையைச் சரியாக வையுங்கள்

எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ வெப்பமானி ஏறினாலோ உடனே நிறுத்துங்கள். "அடுத்த திருப்பம்வரை ஓட்டிப் பார்த்தேன்" என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல்லே, சேதம் உங்களால் பெருகியது என்ற வாதத்துக்கு வழிவிடும். நின்ற இடத்திலேயே டாஷ்போர்டு, ஓடிய கிலோமீட்டர், எரியும் விளக்குகள், கசிவு இருந்தால் அது விழுந்த தரை ஆகியவற்றை நேரம் தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியுதவி ஆள் எழுதித் தரும் தாளில், கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "பழைய கசிவு" என்று அவர் ஊகமாக எழுதும் இரண்டு சொற்கள் பிறகு உங்களுக்கு எதிரான ஆதாரமாகும்.

நிறுவனத்தின் ஒப்புதல் எண் எழுத்தில் வரும்வரை பட்டறையில் எதையும் கழற்ற விடாதீர்கள். கழற்றச் சொன்னால், கோரிக்கை மறுக்கப்பட்டால் அந்தக் கூலி யாருடையது என்பதை மின்னஞ்சலில் உறுதிசெய்த பிறகே அனுமதியுங்கள். பிழைக் குறியீட்டை அழிப்பதற்கு முன் அதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பழுது நேர்ந்த கணத்தில் இன்ஜின் வேகம், வெப்பம் போன்றவை எப்படி இருந்தன என்பதைக் கணினி அதனோடு சேமித்து வைத்திருக்கும். பழுது திடீரென வந்தது என்று காட்ட அதைவிட வலுவான சான்று அரிது.

மறுத்தால், எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தேய்மானம் என்று சொன்னால், அந்தப் பாகத்தைத் தேய்மானம் எனக் கருத எந்த அளவீட்டை எடுத்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. வேறொரு மெக்கானிக்கின் அளவீட்டோடு கூடிய அறிக்கையை இணைத்து மறுபரிசீலனை கோருங்கள். அதற்கும் பயனில்லை என்றால் உங்கள் நாட்டிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கொண்டு போகலாம். அதுவரை கழற்றிய பாகத்தைப் பட்டறையில் விட்டுவிடாமல் பெயரும் தேதியும் ஒட்டிய பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்துங்கள். என் பம்ப்பை நான் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறுவாரம் கேட்கப் போனபோது அது பழைய இரும்போடு போய்விட்டிருந்தது.